மரியோவில் ஏ கிரேடைத் தாண்ட முடியவில்லை, செல்டாவில் முதல் நாளே எஸ் வந்துவிட்டது. ஏன்?

பாளை லூய்ஜி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதியில் இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இப்போது ஒரு சந்தேகம் மூன்று வாரமாக மனதை அரிக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, அவனுடைய நிண்டெண்டோ ஸ்விட்சை (டிவியில் மாட்டியும் கையில் வைத்தும் ஆடும் கேம் பெட்டி) என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதில் 'நிண்டெண்டோ வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ஸ்: நெஸ் எடிஷன்' இருந்தது. 2024 ஜூலையில் வந்த ஆட்டம். தெரியாதவர்களுக்கு: நெஸ் என்ற நிண்டெண்டோவின் பழைய டிவி கேம் பெட்டிக்கான பதின்மூன்று ஆட்டங்களை எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, 150க்கு மேற்பட்ட குட்டிச் சவால்களாக ஆக்கியிருக்கிறார்கள். "முதல் காளானை எடு", "வாளை எடு", "இந்த மேடையை முடி", அவ்வளவுதான். பல சவால்கள் சில நொடிகளில் முடிந்துவிடும். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அதற்கேற்ப கிரேடு, உச்சம் எஸ். நடுவில் தவறு செய்தால் படம் கொஞ்சம் பின்னால் ஓடி அங்கிருந்து தொடரும். கடிகாரம் மட்டும் நிற்காது.

என் விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் 1994 கோடை விடுமுறையில் டிவி கேம் வாங்கினார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே அதுதான் முதல் டிவி கேம். மரியோவை எத்தனை முறை ஆடியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முதல் மேடையான 1-1ஐச் சொல்லுவேன்: முதல் கேள்விக்குறிப் பெட்டியில் காசு, அடுத்த வரிசையில் இரண்டாவதில் காளான், நான்காவது குழாய்க்குள் இறங்கினால் பத்தொன்பது காசு. இவ்வளவு தெரிந்தும் அந்த மேடையை முடிக்கும் சவாலில் எனக்கு ஏ தான் வருகிறது. காளான் எடுக்கும் சவாலிலும் ஏ தான்.

அந்தப் பதின்மூன்றில் ஒன்றான செல்டாவை என் வாழ்நாளில் தொட்டதே இல்லை. எங்கள் கேசட் எதிலும் அது இருந்ததில்லை. முதல் நாள் இரவு "வாளை எடு" சவாலை ஆடினேன். தொடங்கும் திரையிலேயே ஒரு குகை தெரிகிறது, உள்ளே போனால் தாத்தா ஒருவர் நிற்கிறார், வாளை எடுத்தால் முடிந்தது. நாலைந்து முறையில் எஸ்.

தெரிந்ததில் தடுமாறுகிறேன், தெரியாததில் ஜெயிக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. இதில் மரியோ பாட்டு எனக்கு வேகமாக ஓடுவதுபோலக் கேட்கிறது. சுருதி மாறவில்லை, தாளம்தான் ஓடுகிறது. மகளிடம் சொன்னால் "எப்பவும் இப்படித்தானம்மா இருக்கும்" என்கிறாள். அவளுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

வயதாகிவிட்டதால் கை மந்தமாகிவிட்டது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். வயதுதான் காரணம் என்றால் செல்டாவிலும் தடுமாறியிருக்க வேண்டுமே. வேறு ஏதோ இருக்கிறது.

---

கேசட் மெக்கானிக்

அம்மா வணக்கம். உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது. பாட்டு வேகமாகத்தான் ஓடுகிறது. அதற்கான காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பெட்டிகளைப் பத்து வருஷம் பிரித்து மாட்டியவன் நான். திருச்சியில் டிவி ரிப்பேர் கடை. கோடை வந்தால் டிவியைவிட டிவி கேம்தான் அதிகம் வரும்.

நம் ஊர் டிவி பிஏஎல் முறை, நொடிக்கு 50 தடவை படம் மாறும். ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி, அங்கே 60. நிண்டெண்டோ அந்த ஆட்டங்களை 60க்குத்தான் எழுதியது. மரியோ ஒரு படத்துக்கு இத்தனை புள்ளி நகர வேண்டும், பாட்டு இத்தனை படத்துக்கு ஒரு சுரம் மாற வேண்டும் என்று எல்லாமே படக் கணக்கில் இருக்கும். நமக்கு வந்தவை நெஸ்ஸின் நகல் பெட்டிகள், அவை நம் டிவிக்கு ஏற்ப 50ல் ஓடின. ஆக, அங்கே 5 நொடியில் நடப்பது நமக்கு 6 நொடியில் நடந்தது. மரியோ தாவி இறங்குவதும், ஆமை நகர்வதும், பாட்டும், ஒன்று விடாமல் அப்படித்தான். சுருதி மாறாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. ஒலியைத் தருவது சிப்பின் கடிகாரம், அது நம் நகல் பெட்டியிலும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஓடியது. தாளம் மட்டும்தான் படக் கணக்கைப் பின்பற்றியது. நீங்கள் சொன்னது அச்சு அசலாக இதுதான். இதைக் காதால் கண்டுபிடித்தவர் நான் பார்த்தவரை நீங்கள் ஒருவர்தான்.

ஸ்விட்சில் ஆட்டம் 60ல் ஓடுகிறது. உங்கள் கை 1994ல் 50க்குப் பழகியது. குழியின் ஓரத்துக்கு வந்ததும் விரல் தானாக எழும்புமே, அந்தத் தாளம் இப்போது பிந்துகிறது. செல்டாவில் உங்கள் கைக்குப் பழைய தாளம் ஒன்றும் கிடையாது. புதிதாக 60லேயே பழகிக்கொண்டது.

செல்டா ஏன் உங்கள் கேசட்டில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்குப் பிடித்த விஷயம். சூப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட். டாங்கி காங் 24. இந்த அளவு ஆட்டங்களை ஒரே பலகையில் வரிசையாக அடுக்குவது மலிவு, லேசு. '9999 இன் 1' கேசட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், பிசின் ஊற்றி மூடிய சிப். அதற்குள் அடங்குவது இந்தக் குட்டி ஆட்டங்கள்தான். செல்டா, மெட்ராய்டு, கிட் இக்காரஸ் மூன்றும் ஜப்பானில் 1986ல் முதலில் வட்டில் வந்தவை. கேசட்டாக அமெரிக்கா போன செல்டாவுக்குள் ஆட்டத்தைச் சேமிக்க ஒரு பேட்டரி வேண்டியிருந்தது. 1993ல் வந்த கிர்பி 768 கிலோபைட், மரியோவைப்போல பத்தொன்பது மடங்கு. இதையெல்லாம் மலிவு கேசட்டில் யார் போடுவார்கள்? உங்கள் பதின்மூன்றில் மரியோ, டாங்கி காங், எக்ஸைட்பைக், ஐஸ் கிளைம்பர், பலூன் ஃபைட் இந்த ஐந்தும்தான் நம் கேசட்களில் சாதாரணமாகக் கிடந்தவை. உங்கள் கிரேடுகளை அந்த ஐந்து ஒரு பக்கம், மற்ற எட்டு ஒரு பக்கம் என்று பிரித்துப் பாருங்கள். நான் சொல்வது தெரியும்.

இன்னொன்று. 9999ல் உண்மையான ஆட்டம் இருபது முப்பதுகூடத் தேறாது, மீதியெல்லாம் ஒன்றே திரும்பத் திரும்ப வரும் என்று எல்லோரும் திட்டுவார்கள். ஆனால் அந்தத் திரும்ப வருவதில் ஒரு சங்கதி இருந்தது. 14ஆம் எண்ணில் மரியோ முதலிலிருந்து வரும். 87ல் போட்டால் நேராக நீருக்கடியில் தொடங்கும். வேறொரு எண்ணில் மரியோ நிலவில் தாவுவதுபோல உயரமாகத் தாவுவான். கடையில் ரிப்பேர் முடிந்து சோதனை போடும்போது பையன்கள் "அண்ணே, 87 போடுங்க" என்று கேட்பார்கள். ஒரு ஆட்டத்தைத் துண்டாக்கி, நடுவிலிருந்து கொடுத்து, விதியை மாற்றிக் கொடுப்பது. இன்று நிண்டெண்டோ செய்வதும் அதேதான். யார் செய்தார்களோ, என்ன நோக்கமோ, நம் பிள்ளைகளுக்கு அது அப்போதே கிடைத்திருந்தது.

---

அறுபது ஃபிரேம்

மெக்கானிக் அண்ணா, அருமையான விளக்கம். 50, 60 விஷயம் எனக்குப் புதிது. ஆனால் ஒரு இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அக்கா மூன்று வாரம் ஆடியிருக்கிறார். தாளம் மட்டும்தான் பிரச்சினை என்றால் மூன்று வாரத்தில் கை புதிதுக்குப் பழகியிருக்கும். வேறொரு பழக்கம் உள்ளே இருக்கிறது.

அக்கா, இரண்டு கேள்வி.

முதலாவது, 1-1ல் நான்காவது குழாய்க்குள் இறங்கியதும் என்ன செய்கிறீர்கள்? பத்தொன்பது காசு என்று எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் குழாய் மேடையின் நடுப்பகுதியைத் தாண்டி வெளியே விடும் குறுக்குவழி. வேகமாக முடிப்பவர்கள் அதில் இறங்குவது அதற்காகத்தான். காசைப் பார்க்கவே கூடாது, உள்ளே விழுந்ததும் வலப்பக்கக் குழாய்க்கு ஓட வேண்டும்.

இரண்டாவது, தாவும்முன் ஒரு கணம் நிற்கிறீர்களா? இந்த மரியோவில் ஒரு விதி உண்டு. நடக்கும் வேகத்தில் தாவினால், காற்றில் ஓடுவதற்கான பி பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் ஓட்ட வேகம் வராது. தரையில் முழு ஓட்டம் வந்த பிறகே தாவ வேண்டும். ஒவ்வொரு தடவை தயங்கும்போதும் அந்த ஓட்டத்தைத் திரும்பப் பிடிக்க நேரம் போகிறது. பெரிய தவறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எஸ்-க்கும் ஏ-க்கும் இடையில் இருப்பது இந்தச் சின்னத் தயக்கங்கள்தான். எனக்கும் முதலில் ஏ-வில்தான் நின்றது. என் ஆட்டத்தையே திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன், காளான்போல இருக்கும் எதிரி ஒன்று வருவதற்காக இரண்டு இடத்தில் சும்மா நின்றிருந்தேன்.

விரலுக்கு ஒரு வழி: கட்டைவிரல் நுனியை பி மேல் வைத்துத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எடுக்கவே எடுக்காதீர்கள். தாவ வேண்டியபோது அதே விரலின் அடிப்பகுதியைத் தாவும் ஏ பொத்தான் மேல் சாயுங்கள். விரலை ஏ-க்குத் தூக்கிக்கொண்டு போனால் பி விடுபட்டு ஓட்டம் குறையும்.

டிவியில் ஆடுகிறீர்கள் என்றால் டிவி அமைப்பில் கேம் மோடு போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் ஸ்விட்சை டாக்கிலிருந்து (டிவியோடு இணைக்கும் தாங்கி) எடுத்துக் கையில் வைத்து ஆடிப் பாருங்கள். புது டிவிகள் படத்தை அழகாக்குவதற்காக அதைக் கொஞ்சம் வைத்திருந்து காட்டும். ஐந்து நொடிச் சவாலில் அந்தக் கொஞ்சம் பெரிது.

அப்புறம் இந்த மேடைகளை லேசாக நினைக்காதீர்கள். சூப்பர் மரியோவை முழுதாக முடிக்கும் வேகப் போட்டியில் 2021ல்தான் நிஃப்ட்ஸ்கி என்பவர் முதன்முதலாக 4 நிமிடம் 55 நொடிக்குக் கீழே வந்தார். 1985ல் வந்த ஆட்டம்! அங்கே ஒரு நொடியில் ஒரு பங்குக்காக மாதக்கணக்கில் ஆடுகிறார்கள். எனக்கு இந்த ஆட்டம் பிடித்ததே அதனால்தான். முழு ஆட்டத்தையும் வேகமாக முடிக்க என்னால் ஆகாது. ஆனால் அதிலிருந்து ஆறு நொடித் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தால், அந்த ஆறு நொடியை என்னால் பிசகில்லாமல் ஆட முடியும்.

---

ஸ்கார்பரோ பனி

வணக்கம் அக்கா. நான் கனடாவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு உடனே விளங்கியது, ஏனென்றால் என் கதை உங்களுடையதற்கு நேர் எதிர்.

யாழ்ப்பாணத்தில் நான் சின்னப் பொடியனாக இருந்த காலத்தில் கரண்டே இல்லை. டிவி கேம் என்றால் கேள்விப்பட்டதுகூடக் கிடையாது. 1996ல் இங்கே வந்த பிறகு, பெரியம்மா வீட்டு பேஸ்மென்டில் அண்ணாமார் விளையாடிக் கழித்துப்போட்ட நெஸ் ஒன்று கிடந்தது. பனிக்காலம், வெளியே போக ஏலாது, ஆங்கிலமும் வராது. அதுதான் எனக்கு முதல் சிநேகிதன். ஆக, என் கை தொடக்கத்திலிருந்தே 60. மெக்கானிக் அண்ணா எழுதியதைப் படிக்கும்வரை உலகத்தில் வேறு வேகத்தில் ஒரு மரியோ ஓடினான் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் ஆடும் இந்த ஆட்டத்துக்கே ஒரு அண்ணன் இருக்கிறான். 'நெஸ் ரீமிக்ஸ்' என்று 2013 டிசம்பரில் வீ யூ-க்கு (ஸ்விட்சுக்கு முந்தைய நிண்டெண்டோ பெட்டி) வந்தது. பதினாறு ஆட்டங்கள். இரண்டாவது பாகம் 2014 ஏப்ரலில், அதில் பன்னிரண்டு. பிறகு அதே ஆண்டுக் கடைசியில் இரண்டிலும் இருந்து பொறுக்கியெடுத்து 3டிஎஸ் என்ற கையடக்கப் பெட்டிக்கு ஒன்று விட்டார்கள். நீங்கள் ஆடுவதில் பழைய ஆட்டம் பழையபடியே இருக்கும், நேரம் மட்டும்தான் சவால். ரீமிக்ஸில் ஆட்டத்தையே மாற்றிப்போட்டார்கள்.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். டாங்கி காங்கின் முதல் தளம் உங்களுக்குத் தெரியும், சிவப்பு இரும்புப் பாலங்கள், மேலேயிருந்து பீப்பாய்கள் உருண்டு வரும். அதில் மரியோவை எடுத்துவிட்டு செல்டாவின் நாயகன் லிங்கைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். லிங்குக்குத் தாவ வராது. அவ்வளவுதான் மாற்றம். பீப்பாய் வரும்போது விரல் ஏ-யை அழுத்தும், லிங்க் அப்படியே நிற்பான், பீப்பாய் வந்து அடிக்கும். நான் ஏழெட்டுத் தடவை அப்படியே செத்தேன். மூளைக்குத் தெரியும், விரல் கேட்காது. பிறகுதான் ஏணிகளைப் பார்க்கத் தொடங்கினேன். பாதியில் முறிந்து நிற்கும் ஏணி இருக்கிறதே, மரியோவாக ஆடும்போது நான் அதைத் திரும்பியும் பார்த்ததில்லை. அதில் கொஞ்சம் ஏறி நின்றால் பீப்பாய் காலுக்குக் கீழே போய்விடும். அது போனதும் இறங்கி அடுத்த ஏணிக்கு நடக்கலாம். இருபது வருஷமாகத் தெரிந்த ஒரு படத்தில் அந்த ஏணி எதற்கு என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். தாவல் இருந்தவரை அது எனக்குத் தேவைப்படவில்லை.

உங்கள் பெயருக்காகவே இன்னொன்று. இரண்டாவது பாகத்தில் 'சூப்பர் லூய்ஜி பிரதர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. முழு சூப்பர் மரியோவையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டிருப்பார்கள். மரியோவின் தம்பி லூய்ஜி வலமிருந்து இடம் ஓட வேண்டும். நான் அதில் 1-1ன் முதல் குழியிலேயே விழுந்தேன். அந்த மேடையைக் கண்ணால் நினைவு வைத்திருக்கிறேன் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். இல்லை, எல்லாம் விரலில்தான் இருந்தது.

வாங்க நினைத்தால்: வீ யூ-வின் இணையக் கடையில் 2023 மார்ச்சோடு விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பாகமும் சேர்ந்த வட்டு ஒன்று வந்தது, அது பழைய பொருள் விற்கும் இடங்களில்தான் கிடைக்கும். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார் என்றால் அங்கே தேடச் சொல்லுங்கள். பெட்டி எந்த நாட்டுக்கானதோ வட்டும் அந்த நாட்டுக்கானதாக இருக்க வேண்டும், அதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

---

பாளை லூய்ஜி

மூவருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதலில் மெக்கானிக் அண்ணன் சொன்னபடி கிரேடுகளை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதினேன். தெரிந்த ஐந்து ஆட்டங்களில் எனக்கு எஸ் வந்தது ஒரே ஒரு சவாலில், அது பலூன் ஃபைட். தெரியாத எட்டில் எஸ் பதினொன்று. தாளை மகள் பிடுங்கிப் பார்த்துவிட்டு "அப்ப மரியோவை மறந்துருங்கம்மா" என்றாள்.

அடுத்தது அந்தக் காசு. அறுபது ஃபிரேம் தம்பி கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆமாம் தம்பி, நான் பத்தொன்பதையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். எடுக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதைவிட முக்கியம் நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி. தயங்குகிறேனா என்று தெரிந்துகொள்ள, என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் நிற்கும்போதெல்லாம் கை தட்டச் சொன்னேன். 1-1ல் ஒன்பது முறை தட்டினாள். தாவ வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு தட்டு.

அன்றைக்கு ராத்திரி படுத்தபிறகுதான் காரணம் தெரிந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அண்ணன் எப்போதும் முதல் ரிமோட், அவன்தான் மரியோ. நான் லூய்ஜி. அந்த ஆட்டத்தில் ஒருவர் செத்தால்தான் மற்றவருக்கு முறை வரும். அண்ணன் நன்றாக ஆடுவான், அவன் ஆட ஆரம்பித்தால் கால்மணி அரைமணி நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் முறை வந்ததும் எனக்கு ஒரே எண்ணம்தான் இருக்கும், செத்துவிடக் கூடாது. செத்தால் ரிமோட் இருந்தும் இல்லாததுதான். அதனால் ஒவ்வொரு குழிக்கும் நின்று, பார்த்து, மூச்சு விட்டுத் தாவுவேன். காசு ஒன்றைக்கூட விடமாட்டேன், நூறு சேர்ந்தால் ஒரு உயிர். ஆறு மணிக்கு அப்பா செய்திக்காக டிவியை வாங்கிக்கொள்வார். அதற்குள் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறேனோ அவ்வளவு நேரம் என் ஆட்டம்.

மெதுவாகப் போவதற்கு என்னைப் பழக்கியது அந்த வீடு. அதில் எனக்கு வருத்தம் இல்லை, நான் அப்போது ஆடிய ஆட்டம் சரியான ஆட்டம். இது வேறு ஆட்டம், இங்கே விழுந்தால் யாரும் ரிமோட்டை வாங்கிக்கொள்ள மாட்டார்கள், படம் பின்னால் ஓடித் திரும்பத் தொடங்கிவிடும். இது என் தலைக்குத் தெரிந்துவிட்டது. விரலுக்கு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்கார்பரோ தம்பி, முறிந்த ஏணியைப் பற்றி எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டு டாங்கி காங்கைத் திறந்து அந்த ஏணியில் ஏறி நின்று பார்த்தேன். சவாலுக்காக இல்லை, சும்மா. பீப்பாய் கீழே உருண்டு போனது. மனதுக்கு நிறைவாக இருந்தது.

---

கேசட் மெக்கானிக்

தம்பி சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி என்று வைத்துக்கொள்வோம். கை தாளத்தையும் மறக்கவில்லை, பயத்தையும் மறக்கவில்லை.

அம்மா, ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும். அந்தப் பழைய பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கேசட்டை வாயால் ஊதி மாட்டாதீர்கள், எச்சில் ஈரம் பட்டுத் தகடு கறுத்துவிடும். பென்சில் ரப்பரால் தகடுகளை லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு அதிலேயே ஓடும். பழைய ட்யூப் டிவி கிடைத்தால் ஆன்டெனா வயரில் மாட்டி ஓடவிட்டு, பக்கத்திலேயே ஸ்விட்சையும் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிப் பாருங்கள். பாட்டு ஆரம்பத்தில் சேர்ந்து போகும், பத்து நொடிக்குள் ஸ்விட்ச் முந்திவிடும். உங்கள் மகளுக்கு அதைக் காட்ட வேண்டும்.

---

பாளை லூய்ஜி

பெட்டி அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது அண்ணே, ஒரு ரிமோட்டின் வயர் எலி கடித்திருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது எடுத்து வருகிறேன். எங்கள் டயனோரா டிவியை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாமி மாடியில் ஒன்று வைத்திருக்கிறார், கேட்டுப் பார்க்க வேண்டும்.

நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சை டாக்கிலிருந்து எடுத்துக் கையில் வைத்து ஆடினேன். தம்பி சொன்ன மாதிரி பி-யிலிருந்து விரலை எடுக்கவில்லை. காளான் சவாலில் எஸ் வந்துவிட்டது. 1-1ல் குழாய்க்குள் இறங்கி, காசைப் பார்க்காமல் ஓடினேன். பார்க்காமல் என்றா சொன்னேன், முதல் மூன்று காசை எடுத்துவிட்டுத்தான் ஓடினேன். ஏ பிளஸ் பிளஸ் வந்தது.

இந்த ஆட்டத்தில் வாரம் ஒருமுறை ஐந்து சவால் கொடுத்து, அந்த வாரம் முடிந்ததும் உலகம் முழுக்க ஆடியவர்களில் நாம் எத்தனையாவது என்று காட்டுகிறார்கள். நாம் பிறந்த வருஷத்தில் பிறந்தவர்களோடு மட்டும் ஒப்பிட்டும் காட்டும். நான் 1984, அண்ணன் 1981. இந்த வாரச் சவால்களில் எனக்கு வந்த நேரங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் தன் வீட்டிலிருக்கும் இன்னொரு ஸ்விட்சில் அதே ஐந்தையும் ஆடி அவன் நேரங்களை அனுப்பினான். ஐந்தில் இரண்டில் நான் முன்னால் இருக்கிறேன், இரண்டுமே செல்டா. மூன்றில் அவன்.

பொங்கலுக்கு அவனும் வருகிறான். பார்ட்டி மோடில் எட்டுப் பேர் வரை ஒரே நேரத்தில் ஆடலாமாம், திரையை ஆளுக்கொரு கட்டமாகப் பிரித்துவிடும். எங்களுக்கு மூன்று கட்டம் போதும். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவன் சாகும்வரை காத்திருக்காமல் நானும் அவனும் ஒன்றாகத் தொடங்கப் போகிறோம். முதலில் 1-1 தான் போடச் சொல்லியிருக்கிறேன். காசு எடுக்கமாட்டேன்.